எழுதாத பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து

ஊராட்சிச் செயலர் சந்திரசேகரின் மொபெட் இரைந்துகொண்டு மேடேறும் சத்தம் கேட்டதும், காப்பிச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த ராணி நிமிராமலேயே குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க மெம்பரே, உங்க ஆபீசு வருதுங்க.”

பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பூவாயியும் சிரித்துக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த சாக்குப்பையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். பலாக்காட்டு ஊராட்சியின் மூன்றாவது வார்டு உறுப்பினர் அவள். காலை எட்டு மணிக்குச் செடிக்குள் நுழைந்து நான்கு மணிக்கு வெளியே வரும் எஸ்டேட் வேலைக்காரியும் அவளேதான். சிவந்த பழத்தின் சாறு விரல்களில் பிசுபிசுத்தது. புடவைத் தலைப்பில் துடைத்தாள். முழுக்கப் போகவில்லை.

சந்திரசேகர் பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்து வண்டி சீட்டின் மேல் விரித்தார். பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் போட்டிருந்தன. முதல் இரண்டு எண்களுக்கு எதிரே கையெழுத்து விழுந்திருந்தது. மேல்பாதி வெறுமையாக இருந்தது.

“மேல ஒண்ணுமே காணோமுங்களே?”

“ஆபீசுக்குப் போயி எழுதிக்கிறேங்க்கா. ரயில்வேல இருந்து கேட்டிருக்காங்க, நாளைக்குள்ள பதில் போவோணும். நல்ல விசயந்தான், போடுங்க.”

“மெம்பரு கையெழுத்துப் போட்டாத்தான் ரயிலே நவுருமாட்ட இருக்குது” என்றாள் ராணி.

பூவாயி பேனாவை வாங்கினாள். தேர்தலில் நிற்கும்போது அவளுக்குக் கையெழுத்து வராது. மகள் கீர்த்திகாவின் பழைய நோட்டில் நாற்பது நாள் எழுதி எழுதிப் பழகினாள். ‘பூ’ போடும்போது மட்டும் இன்றைக்கும் ஒரு தரம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டு போட்டாள். பெயரின் ஓரத்தில் பழச்சாறு விரல் பட்டு ஒரு சிவப்புக் கறை விழுந்தது. “அடடா” என்று அவள் பதற, “பரவாயில்லீங்க்கா” என்று சந்திரசேகர் புத்தகத்தை மூடினார். அடுத்த உறுப்பினரின் டீக்கடைக்கு மொபெட் இறங்கிப் போனது.

நான்கு வருடமாக இப்படித்தான் நடந்து வந்தது. மாதாமாதம் ஊராட்சி மன்றம் கூட வேண்டும். கூடினால் ஒன்பது பேருக்கும் ஒரு நாள் வேலை கெடும். அதனால் கூட்டம் மொபெட்டில் ஏறி அவரவர் இருக்கும் இடத்துக்கு வந்தது. அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. அலைந்து திரிந்து வேலையை முடித்துக் கொடுக்கும் நல்ல மனிதர் என்றுதான் சந்திரசேகரைச் சொன்னார்கள். அவரும் நல்ல மனிதர்தான்.

ரயில் வருகிறது என்ற பேச்சு அந்த மார்கழி முழுக்க மலையில் நிறைந்திருந்தது. அடிவாரத்தில், குப்பனூரைத் தாண்டி, ஒரு பழைய தண்டவாளம் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை சரக்கு வண்டி அதில் நடந்து போகிற வேகத்தில் போகும். அந்தத் தடத்தில் சேலத்துக்குப் பயணிகள் ரயில் விடுவதாகத் திட்டம். பலாக்காட்டிலும் நிற்குமாம். வழியிலுள்ள ஊராட்சிகளிடம் கருத்துக் கேட்டு ரயில்வேயிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? பூவாயிக்கும் ஆசைதான். ஊராட்சித் தலைவர் வெங்கடாசலம் ரயில்வேக்கு நன்றி சொல்லி வைத்த பலகையில் ஒன்பது உறுப்பினர்களில் மூன்றாவதாகத் தன் படமும் இருந்ததைப் பார்த்து, அன்று இரவு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு இறங்கிப் போனாள்.

எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து அடிவாரத்துக்கு ஒரு நடைபாதை இறங்குகிறது. அரை மணி நேர இறக்கம். மேலே இருக்கும் நாற்பது வீட்டுக்கும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊசி போடும் நர்சம்மா எல்லாமே அந்தப் பாதையின் முடிவில்தான். தார் ரோட்டைச் சுற்றினால் பதினோரு கிலோமீட்டர். பாதை கடைசியில் தண்டவாளத்தைத் தாண்டும். தாண்டும் இடத்துக்குச் சற்று முன்னால் பாறையைக் குடைந்து தடத்தை வளைத்திருக்கிறார்கள். வளைவுக்குள்ளிருந்து வண்டி வெளியே வரும்வரை இந்தப் பக்கம் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

தண்டவாளத்தைத் தாண்டியதும் அங்கே ஒரு பெண் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. பெயர் ஜோஸ்லின் என்றாள். சர்வே வேலைக்கு வந்தவள்.

“இங்க என்னங்க கண்ணு பண்ணப் போறீங்க?”

“வேலி வருதுக்கா. ரெண்டு பக்கமும் கம்பி போட்டு அடைச்சிடுவோம். புது ரயில் வேகமா வரும். ஒரு நாளைக்கு எட்டு தடவை.”

“அடைச்சுப்போட்டா நாங்க எப்புடிங்க தாண்டறது?”

ஜோஸ்லின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இந்தப் பாதையில யாரும் போறதில்லைன்னுதானேக்கா உங்க ஊராட்சியில எழுதிக் கொடுத்திருக்காங்க? ஆள் நடமாட்டம் இருந்தா தண்டவாளத்துக்கு அடியில சுரங்கப்பாதை போடணும். அதைக் கேட்டுத்தான் லெட்டரே அனுப்புனாங்க. தேவையில்லைன்னு பதில் வந்திருக்கு.”

“அப்புடி யாருங்க எழுதுனது?”

ஜோஸ்லின் செல்போனில் எதையோ தேடி எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். மேலே நெருக்கமான எழுத்துகளில் ஏதோ எழுதியிருந்தது. பூவாயிக்கு அதெல்லாம் கூட்டிப் படிக்க நேரமாகும். கீழே இருந்ததை மட்டும் அவளால் உடனே படிக்க முடிந்தது. மூன்றாவது எண்ணுக்கு எதிரே, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட ‘பூ’. பக்கத்தில் ஒரு கறை.

வாங்க வந்ததை வாங்காமலேயே மேலே ஏறினாள். தண்டவாளத்தைத் தாண்டும்போது, பிறந்ததிலிருந்து தாண்டிய அதே இடத்தில், அவள் முதல் முறையாக ஓடினாள்.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். சந்திரசேகர் புத்தகத்தைப் பிரித்து வாய்க்குள்ளேயே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

“பக்கத்து ஊராட்சியில அனுப்புனதைப் பாத்து அப்படியே எழுதிப்போட்டேங்க்கா. வேற வேலை நெறைய இருந்துச்சு. அவிக ஊர்ல மலைப்பாதையே கெடையாது.”

“நீங்க எழுதுனதை நீங்களே படிக்கலீங்களா?”

“கை எழுதுச்சுங்க. மண்டையில ஏறல.”

பூவாயிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. யாராவது கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அந்த ஆளின் காலிலாவது போய் விழலாம். இதை யாருமே நினைத்துச் செய்யவில்லை. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, ஒருவர் எழுதி, ஒருவர் முத்திரை குத்தி, நாற்பது வீட்டின் வழியை மூடியிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை.

இருவரும் தலைவர் வெங்கடாசலத்தின் வீட்டுக்குப் போனார்கள். மலையில் தலைமுறை தலைமுறையாகக் காப்பிக்காடு வைத்திருக்கும் குடும்பம். பூவாயி பழம் பறிப்பது அவர் எஸ்டேட்டில். அவள் புருசன் மாரிசாமி இருபது வருடமாகப் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷின் ஓட்டுவது அவர் களத்தில். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடும் அவருடையது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நிற்க ஆள் தேடியபோது பூவாயியைக் கூப்பிட்டு நிறுத்தியவரும் அவரே.

அவர் நிதானமாகக் கேட்டார். கோபப்படவில்லை.

“ரயில் மொதல்ல வரட்டும் கண்ணு. பொறவு சுரங்கப்பாதை கேட்டுக்கலாம். இப்பப் போயி, நாங்க எழுதுனது தப்புன்னு எழுதுனா, ஃபைலு மொத்தமும் திரும்பிடும். ரயில நிறுத்துனது யாருன்னு ஊரு கேக்கும். பூவாயின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா தெரிஞ்சுபோயிருமல்ல?”

“பசங்க அந்த வழியாத்தானுங்க பள்ளிக்கூடம் போவுது.”

“வேலி போடறாங்கல்ல. அப்பறம் யாரு போவாங்க?” அவர் சிரித்தார். “இன்னொண்ணு. கையெழுத்து உன்னுது. பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னு நீயே போயி சொன்னா, கேசு யாரு மேல வரும்? ஊட்டுல போயி மாரிசாமிகிட்டக் கலந்து பேசு. அவசரப்படாத.”

வீடு என்ற சொல்லை அவர் சற்று அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். பயந்தவள் காதுக்கு எல்லாமே அழுத்தமாகத்தான் கேட்கும்.

மாரிசாமியிடம் அவள் சொன்னாள். பல்பர் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவனுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அவள் உதட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டு, “பெரியவிக பாத்துக்குவாங்க புள்ள” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

வேலி வந்தது. மூன்றாம் நாள் காலையில் அதில் இரண்டு பக்கமும் ஆளுக்கு நுழையும் ஓட்டை இருந்தது. யார் வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அதற்குள் நுழைந்து போனார்கள். முன்பெல்லாம் பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டலாம். இப்போது குனிந்து நுழைய வேண்டும். நிமிர்ந்தால் தண்டவாளத்தின் மேல் நிற்க வேண்டும். கீர்த்திகாவின் புத்தகப்பை கம்பியில் மாட்டி இழுத்து, அவள் நின்று அதை விடுவித்துக்கொள்வதை ஒருநாள் மேலேயிருந்து பூவாயி பார்த்தாள். எண்ணினாள். பையை விடுவிக்க மகளுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை ஆனது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செடிக்குள் வேலை செய்யும்போது கீழே எங்காவது லாரி ஹாரன் அடித்தால் கை நின்றுவிடும்.

“மெம்பருக்குக் காத்து கருப்பு அண்டியிருக்குதுடி” என்றாள் ராணி. பிறகு கிட்டே வந்து, “என்னாச்சு அக்கா, சொல்லு” என்றாள். பூவாயி சொல்லவில்லை. ராணியின் இரண்டு பையன்களும் அதே ஓட்டைக்குள் நுழைந்துதான் போகிறார்கள். எந்த வாயால் சொல்வது?

அந்த வாரக் கடைசியில் அது நடந்தது.

சோதனை ஓட்டம் என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். மலைமேல் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் மாரிசாமி ரேஷன் அரிசி வாங்கப் போயிருந்தான். நேரமாகிறதே என்று பூவாயி எதிரே இறங்கி வந்தாள். கடைசித் திருப்பத்தில் நின்றால் தண்டவாளம் நேர் கீழே தெரியும். மாரிசாமி தலையில் அரிசி மூட்டையோடு அந்தப் பக்கத்து வேலி ஓட்டையில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தான். மூட்டையைப் பிடித்திருந்த கை ஒரு பக்கத்துப் பார்வையை மறைத்திருந்தது.

அப்போது வளைவுக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது.

பூவாயி கத்தினாள். கத்தும்போதே அவளுக்குத் தெரியும். அந்த ஹாரனே கேட்காதவனுக்கு அவள் குரலா கேட்கப்போகிறது? அவன் நிதானமாக முதல் தண்டவாளத்தில் கால் வைத்தான். மூட்டையைச் சரிசெய்ய நின்றான். இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு எஞ்சின் பாறையைத் தாண்டி வெளியே வந்தது. அவன் அடுத்த காலை எடுத்து வைத்தான். பிறகு எஞ்சினும் அது கிளப்பிய புழுதியும் அவனை மறைத்தன. அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வேலி ஓரம் மாரிசாமி உட்கார்ந்திருந்தான். எஞ்சினின் காற்று அடித்துத் தள்ளியதில் மூட்டை தெறித்து, ஜல்லிக் கல்லெல்லாம் அரிசியாகக் கிடந்தது. வண்டி தூரத்தில் போய்க் கிறீச்சிட்டு நின்றிருந்தது. என்ன நடந்தது என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

“ஏன் புள்ள அழுவற?” என்றான். “அரிசிதானே.”

ஒரு அடி. அவ்வளவுதான் இடைவெளி. அன்று முழுக்க அவள் அந்த ஒரு அடியைக் கையால் அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் ராணி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். காலிப் பக்கம், கறை, தலைவர் பேசியது, எல்லாம். ராணி முழுக்கக் கேட்டாள். கடைசியில், “இத்தனை நாளு தெரிஞ்சிருந்தும் என்ற பசங்கள அந்த வழியா அனுப்ப உட்டிருக்க” என்றாள். பூவாயி தலைகுனிந்து நின்றாள்.

புதன்கிழமை ஊராட்சி மன்றக் கூட்டம். ரயில் திறப்பு விழா ஏற்பாடு என்பதால் ஒன்பது பேரும் நேரிலேயே வந்திருந்தார்கள். யார் மாலை போடுவது, மேளம் எங்கிருந்து கொண்டுவருவது என்று பேச்சு நடந்தது. பெண் உறுப்பினர்கள் கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ராணியும் லைன் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

டீ வந்தது. தீர்மானப் புத்தகமும் கை மாறி வந்தது. கீழே எண்கள். மேலே வெற்றிடம். பூவாயியின் கை பேனாவைப் பிடித்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் போடலீங்க.”

“ஏம்மா, கை வலியா?” என்றார் பஸ் கண்டக்டரான ஐந்தாம் வார்டு உறுப்பினர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“மேல எழுதட்டுமுங்க. எழுதிப் படிச்சுக் காட்டட்டும். பொறவு போடறேன்.” அவள் எழுந்து நின்றாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்கு முந்தி, போன மாசம் நாம போட்ட ரயில் தீர்மானத்தைப் படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

வெங்கடாசலம் அவளைப் பார்த்தார். “பூவாயி, உக்காரு. அதை அப்பறம் பேசிக்கலாம்.”

“உக்காந்தா மறுபடி எந்திரிக்க எனக்குத் தைரியம் வராதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ராணி சொன்னாள், “படிங்க சார். நாங்களும் கேக்கறோம்.”

சந்திரசேகர் தலைவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். படித்தார். “மேற்படி மலைப்பாதையைப் பொதுமக்கள் எவரும் பயன்படுத்துவதில்லை என்பதை மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேரும் நேரில் சென்று பார்வையிட்டு உறுதி செய்கின்றனர். ஆகவே சுரங்கப்பாதை தேவையில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

“நேர்ல போயிப் பாத்தமா?” என்றார் கண்டக்டர் மெல்ல. “எப்ப?”

“நான் பாக்கலீங்க” என்றாள் பூவாயி. “நான் அன்னைக்குச் செடிக்குள்ள பழம் பறிச்சிட்டிருந்தேன். என்ற கையெழுத்துக்குப் பக்கத்துல பாருங்க, பழச்சாறு ஒட்டியிருக்கும். அதுதானுங்க சாட்சி. என்ற மேல கேசு போடறதுன்னா போடுங்க. லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிக்கறேன். சனிக்கெழம என்ற ஊட்டுக்காரரு தண்டவாளத்து மேல நின்னாரு. ஒரு அடியில பொழச்சாரு. அவரைக் கொல்ல இருந்தது ரயிலு இல்லீங்க. என்ற கையெழுத்து.”

அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“நம்மள ஓட்டுப் போட்டு அனுப்புனது நம்ம பேரு எழுதிப் பாக்கறதுக்கு இல்லீங்க. அவிகளுக்குப் பதிலா நாம படிச்சுப் பாக்கறதுக்கு. எழுதாத தாள்ல கையெழுத்துப் போடறது, கண்ணை மூடிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டற மாதிரிங்க. இதுல போறது நம்ம உசுரு மட்டுமில்ல. நம்மள நம்பிப் பின்னால வர்றவங்க உசுரும் போவும்.”

வெங்கடாசலம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். கறையைப் பார்த்தார். ஒன்பது கையெழுத்துகளுக்கும் கீழே, முத்திரையின் மேல், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். அவர் அதைப் போட்டது களத்தில், பல்பர் மெஷினுக்குப் பக்கத்தில், புத்தகத்தை மாரிசாமியின் முதுகில் வைத்து. அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“புதுப் பக்கம் எடுங்க சந்திரசேகர்” என்றார். “நாங்க போயிப் பாக்கலீன்னே எழுதுங்க. தப்புன்னே எழுதுங்க. எழுதி முடிச்சதும் சத்தமாப் படிங்க.”

அன்று ஒன்பது பேரும் அடிவாரத்துக்கு நடந்தே போய் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள்.

திருத்திய தீர்மானம் போனது. ரயில்வேயிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆனது. சுரங்கப்பாதைக்கு மறுபடி அளப்பதாகவும், அதுவரை அந்த இடத்தில் காவலுக்கு ஆள் போட்டு, வண்டியை மெதுவாகத்தான் விடுவதாகவும் எழுதியிருந்தார்கள். ரயில் வரும் தேதி தள்ளிப் போனது. டீக்கடையில் சிலர் பூவாயியை ஜாடையாகத் திட்டினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. ஆனாலும் வெங்கடாசலத்தின் ஜீப் லைன் வீட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். மாரிசாமி கீழே போனால் திரும்பி வரும்வரை அவள் வாசலில்தான் நின்றாள். பயம் அவளைவிட்டுப் போய்விடவில்லை.

பறிப்பு முடியப்போகும் நேரத்தில் ஒரு நாள் மொபெட் மறுபடி மேடேறியது. சந்திரசேகர் புத்தகத்தை விரித்தார். மேல்பாதி நிறைய எழுதியிருந்தது. யாரும் கேட்காமலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மேல் டேங்குக் குழாயைப் பற்றிய தீர்மானம். பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுச் செடிகளுக்கு மேலே தலையைத் தூக்கிக் கேட்டார்கள்.

“அந்த ரெண்டாவது வரிய இன்னொருக்காப் படிங்க சார்” என்றாள் ராணி.

அவர் படித்தார். பூவாயி விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கறை முழுக்கப் போகவில்லை.

“அதுல எத்தனை ஊடுன்னு போட்டிருக்குதுங்க?”

“முப்பத்தெட்டுங்க்கா.”

“நாப்பதுங்க” என்றாள் பூவாயி. “அடிச்சுட்டுச் சரியா எழுதுங்க. அப்பறம் போடறேன்.”